ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படிக்க நேர்காணல்: எப்படித் தயாராவது?

டிசம்பரில் நேர்காணல், அதற்குள் எத்தனை புத்தகம் படித்து முடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையை விடுங்கள். விண்ணப்பத்தில் நீங்களே பெயர் சொன்ன புத்தகங்களை மறுபடி எடுத்துப் படியுங்கள். எந்த இடம் பிடிக்கவில்லை, ஏன் என்பது வரை சொல்லத் தெரிய வேண்டும். (படிக்காத புத்தகத்தைப் படித்ததாக எழுதியிருந்தால் இன்றே ஆரம்பித்துவிடுங்கள்!)

பெரும்பாலும், முன்பின் பார்க்காத ஒரு கவிதையையோ உரைநடைத் துண்டையோ கொடுத்து, கொஞ்ச நேரம் படிக்கவிட்டுப் பேசச் சொல்வார்கள். இங்கேதான் பலர் "இது மரணத்தைப் பற்றிய கவிதை" என்று பொழிப்புரையில் இறங்கிவிடுகிறார்கள். முதலில் வரிகளைப் பாருங்கள். 14 வரி என்றால் சானட் என்ற கவிதை வடிவமாக இருக்கலாம். அப்படியானால் 9ஆவது வரியில் தொனி திரும்புகிறதா, இல்லை கடைசி இரண்டு வரி வரை இழுத்தடிக்கிறதா? 'நான்' எந்த இடத்தில் 'நாம்' ஆகிறது? வாக்கியம் வரி முடிவில் நிற்காமல் ஏன் அடுத்த வரிக்கு வழிகிறது? இப்படி ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பேச்சு தானாக வளரும்.

அப்புறம், ஆசிரியர் மறுத்துப் பேசினால் பதறாதீர்கள். அங்கே டுட்டோரியல் என்பதே ஆசிரியர் ஓரிரு மாணவர்களோடு உட்கார்ந்து விவாதிப்பதுதான். நேர்காணல் அதற்கு ஒத்திகை மாதிரி. "சரி, அந்த 3ஆவது வரியை வைத்துப் பார்த்தால் நான் சொன்னது பொருந்தவில்லை" என்று தாராளமாகக் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். மனப்பாடம் செய்த பதில்தான் உடனே பல்லிளித்துவிடும்.

தினம் ஒரு தெரியாத கவிதையை எடுத்து, நண்பர் ஒருவரிடம் 10 நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.