நீர் மாத்திரை போட்டும் சிறுநீர் குறைகிறதே?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, இதயம் பலவீனம். தினமும் காலையில் ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரை 40 மி.கி. சாப்பிடுகிறார். மூன்று நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் சிறுநீர் மிகவும் குறைந்து, மஞ்சளாகப் போகிறது. நேற்று கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்தும் பலனில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் எடுக்கிறார். நீர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்தேன். டயாலிசிஸ் வரை போகுமா?

பதில்: ஃபியூரோசமைடு கிட்னியை அரிக்கிற மருந்தல்ல. டயாலிசிஸ் பயத்தை ஒதுக்கிவிட்டு, அப்பாவை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

வடிகட்டப்பட்ட உப்பைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சவிடாமல் இந்த மாத்திரை தடுக்கிறது. உப்போடு நீரும் வெளியேறும். ஆனால் வடிகட்டுவதற்கு முதலில் சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் வரவேண்டும். மூன்று நாள் பேதியில் உடம்பு வறண்டிருக்கும்போது நீங்கள் கொடுத்த இரண்டாவது மாத்திரை, வற்றிய கிணற்றில் இன்னொரு மோட்டாரை இறக்கியதுபோலத்தான். இனி டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

எனக்குக் கவலை டைக்ளோஃபெனாக்தான். சிறுநீரகத்துக்குள் ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயை அது சுருங்கவிடும். கூடவே ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் வகை ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால், வறண்ட உடம்பில் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே முடக்கிவிடக்கூடும். வலி மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

எடை பாருங்கள்: காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே தராசில். எடை இறங்கி, நாக்கு வறண்டு, எழுந்து நின்றால் தலை சுற்றினால் வறட்சிதான். அடுத்த வேளை நீர் மாத்திரையைக் கொடுக்குமுன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மாறாக, மூன்று நாளில் 2 கிலோ ஏறி, காலும் வீங்கினால், நீர் உள்ளே தேங்குகிறது. குடல் சுவரும் வீங்கியிருக்கும்போது மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. டோஸை மாற்றுவதா, ஊசியாகப் போடுவதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

'கொஞ்சம்தான் போகிறது' என்பது கணக்கல்ல. அளவுக் குறியுள்ள குடுவையில் பிடித்து அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 400 மி.லி.க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது. எட்டு மணி நேரமாகச் சொட்டுக்கூடப் போகாமல் அடிவயிறு உப்பினால், அது புராஸ்டேட் அடைப்பாகவும் இருக்கலாம்; இந்த வயதில் அதை மறந்துவிடுகிறார்கள். படுத்தால் மூச்சு திணறினாலும் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

மஞ்சள் நிறம்? நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும், அவ்வளவுதான். மாத்திரையின் வேலை ஏறக்குறைய ஆறு மணி நேரம். மாலையில் போக்கு குறைவதும் இயல்பே.

இளநீர், வாழைத்தண்டுச் சாறு இரண்டும் இப்போது வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் குறைந்தவருக்கு, அதிலும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு, அது இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். 'கிட்னியைக் கழுவ' என்று மூன்று லிட்டர் தண்ணீரைத் திணிப்பதும் பலவீனமான இதயத்துக்கு ஆபத்து.

ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம் அளவுகளை இன்றே பார்க்க வேண்டும். போகும்போது மருந்துச்சீட்டு மட்டும் போதாது. மருந்துக்கடையில் நீங்களே வாங்கியது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.