ட்ராஹெடா – கடிதம்

ஐயா வணக்கம்,

டப்ளினில் வேலை பார்க்கிறேன். பெல்ஃபாஸ்டுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் உயரமான பாலத்திலிருந்து பாய்ன் ஆற்றையும் அதன் இரு கரையிலும் கிடக்கும் ட்ராஹெடா நகரையும் பார்ப்பேன். “க்ராம்வெல் ஐரிஷ்காரர்களைக் கூண்டோடு அழித்த ஊர்” என்றார் உடன் வேலை பார்ப்பவர். அந்த ஊர்க் கால்பந்து அணியின் சின்னத்தில் உள்ள பிறையும் நட்சத்திரமும், பஞ்ச காலத்தில் உதவிய துருக்கி சுல்தானுக்கு நன்றிக்கடன் என்றும் சொன்னார். இரண்டும் உண்மைதானா?

மகேஷ்

அன்புள்ள மகேஷ்,

படுகொலை உண்மை. ஆனால் அதை ஆங்கிலேயர், ஐரிஷ்காரர் என்று இரண்டு கட்சியாகப் பிரித்துச் சொன்னால் அந்த ஊருக்கு நடந்த அநீதியில் பாதி மறைந்துவிடும்.

ட்ராஹெடா நார்மன்கள் எழுப்பிய ஊர். முதலில் தென்கரை ஒரு நகரம், வடகரை வேறொரு நகரம். கப்பல் எந்தக் கரையில் சரக்கு இறக்குவது, தீர்வை யாருக்கு என்று தொடங்கிய சண்டை வெட்டுக்குத்து வரை போனது. பிலிப் பென்னெட் என்ற துறவி இரு தரப்பையும் அழைத்துப் பேசிச் சமாதானம் செய்தார் என்பார்கள். 1412இல் இரண்டும் ஒன்றாயின. ஆங்கில முடியாட்சிக்கு நெருக்கமான ஊர் இது. மன்னரின் ஒப்புதல் இல்லாமல் அயர்லாந்து நாடாளுமன்றம் கூடவே முடியாது என்று ஆக்கிய பாய்னிங்ஸ் சட்டம் 1494இல் இங்கே கூடிய நாடாளுமன்றத்தில்தான் பிறந்தது.

1641இல் அயர்லாந்தின் வடபகுதியான உல்ஸ்டரில் கத்தோலிக்கர்கள் கிளர்ந்தெழுந்து புராட்டஸ்டன்ட் குடியேறிகளைக் கொன்றார்கள். அந்தக் கிளர்ச்சிப் படை ட்ராஹெடாவையும் வந்து வளைத்தது. உள்ளே உணவு தீர்ந்து மக்கள் வாடினார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு முற்றுகை விலகும்வரை ஊர் பணியவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 1649ஐப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில், மன்னராட்சியை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில நாடாளுமன்றப் படையின் தளபதி க்ராம்வெல் சுமார் 12,000 பேருடன் வந்தார். உள்ளே இருந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்குமா என்பது சந்தேகம். தலைமை தாங்கிய ஆர்தர் ஆஸ்டன் ஆங்கிலேயர். அவர் படையில் ஆங்கிலேயரும் உண்டு, ஐரிஷ்காரரும் உண்டு. அரச குடும்பத்துக்காக நின்றவர்கள். 11ஆம் தேதி, செயின்ட் மேரி தேவாலயத்தை ஒட்டிய தெற்கு மதிலைப் பீரங்கிகள் உடைத்தன. வடகரைக்கு ஓடியவர்களால் பாலத்தைத் தூக்கி வழியை அடைக்க முடியவில்லை. துரத்தி வந்தவர்களும் கூடவே உள்ளே புகுந்துவிட்டார்கள். ஆஸ்டனை அவருடைய மரக்காலாலேயே அடித்துக் கொன்றதாகச் சொல்வார்கள். செயின்ட் பீட்டர் தேவாலயக் கோபுரத்தில் ஏறி ஒளிந்தவர்களைக் கீழிருந்து தீ வைத்துக் கொன்றார்கள். “எரிகிறேன், எரிகிறேன்” என்று ஒருவன் கதறியதைக் க்ராம்வெல்லே நாடாளுமன்றத்துக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். பொதுமக்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றும் சச்சரவு உண்டு. ஆயுதம் ஏந்தியவர் எவரையும் விடாதே என்ற உத்தரவிலும், துறவிகளை அடித்துக் கொன்றதிலும் சச்சரவே இல்லை. இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அதே கடிதத்தில் இது அப்பாவிகளின் ரத்தத்தில் கை நனைத்தவர்களுக்குக் கடவுள் கொடுத்த தீர்ப்பு என்கிறார். 1641 கொலைகளைத்தான் சொல்கிறார். அந்தக் கிளர்ச்சியை எதிர்த்துப் பட்டினி கிடந்த ஊரின் மேல் அந்தப் பழியைத் தீர்த்தது எனக்கு எப்போது படித்தாலும் ஆறுவதில்லை.

சுல்தான் விஷயம். அப்துல்மெஜித் 1847இல் பஞ்ச நிவாரணத்துக்கு 1,000 பவுண்டு கொடுத்தது உறுதி. அயர்லாந்துப் பிரமுகர்கள் கையொப்பமிட்டு அனுப்பிய நன்றி மடல் துருக்கி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தானியக் கப்பல்களை ரகசியமாகப் பாய்ன் ஆற்றுக்குள் அனுப்பினார் என்ற கதைக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. பிறையும் நட்சத்திரமுமோ அவர் காலத்துக்கு வெகு முன்பே நகரச் சின்னத்தில் ஏறியவை. உங்கள் நண்பரிடம் அந்த 1,000 பவுண்டைப் பற்றிச் சொல்லுங்கள். சின்னத்தை அதில் சேர்க்க வேண்டாம்.