நாற்காலியை நகர்த்துகிறவர்

வணக்கம் சார்,

சென்னையில் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பௌஷின் ‘கஃபே முல்லர்’ நடனத்தைச் செல்போனில் காட்டினாள். ஒருத்தி ஒருவனைக் கட்டிப்பிடிக்கிறாள், கீழே விழுகிறாள், எழுந்து மறுபடியும் கட்டிப்பிடிக்கிறாள். ‘கட்டுப்பாட்டை விடுறதுதான்பா விஷயம்’ என்கிறாள் மகள். விழுவதற்கு எதற்கு சார் பயிற்சி? எங்கள் ஊர் பாரதக் கூத்தில் திரௌபதி துகிலுரியும் அன்றைக்குத் துச்சாதனன் வேஷக்காரர் அருள் வந்து சாய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அது புரிகிறது, இது புரியவில்லை.

— ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

விழுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றப் பார்க்கும். ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. மூச்சை விட்டபடியே தொடை, இடுப்பின் பக்கவாட்டு என்று சதையுள்ள இடமாகப் பார்த்து இறங்கப் பழக வேண்டும். அமெரிக்காவில் டோரிஸ் ஹம்ஃப்ரி விழுவதையும் மீள்வதையுமே தன் நடன முறைக்கு அடிப்படையாக வைத்தார்.

ஆனால் உங்கள் மகள் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். இருவரும் தாமாகத்தான் கட்டிக்கொள்கிறார்கள். கோட்டு போட்ட ஒருவர் வந்து பிரிக்கிறார். உதட்டை உதட்டோடு வைக்கிறார், அவன் கைகளை மடக்கி அவளைத் தூக்கி அதில் கிடத்துகிறார். கை தளர்கிறது, அவள் தொப்பென்று விழுகிறாள். எழுந்து பழையபடி கட்டிக்கொள்கிறாள். திரும்பவும் அவர், திரும்பவும் அதே வரிசை, வேகம் ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம் கோட்டுக்காரர் போய்விடுகிறார். அவர் இல்லாமலே இருவரும் அதையே செய்கிறார்கள்! இதில் யார் எதை விட்டார்கள்? மேய்ப்பவன் போன பிறகும் ஆடு அதே தடத்தில்தான் நடக்கிறது.

விடுவது இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். மேடை முழுக்க நாற்காலியும் மேசையும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண் அதற்குள் போகிறாள். இன்னொருவர் ஓடி ஓடி நாற்காலிகளைத் தள்ளி அவளுக்கு வழி விடுகிறார். 1978இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் முதலில் ஆடியபோது அந்த வேலையைச் செய்தவர் ரோல்ஃப் போர்ட்ஸிக். அந்த நாற்காலிகளை அங்கே போட்ட மேடை வடிவமைப்பாளரும் அவர்தான். எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். அவரை நம்பித்தான் அவளால் கண்ணை மூட முடிகிறது.

உங்கள் துச்சாதனன் கதையும் அதுதானே? மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி, தாளம் முடியும் இடத்தில் கச்சிதமாக நிற்கிற ஆள், கொஞ்ச நேரத்தில் தன்னை மறந்து சாய்கிறார். சும்மா சாய்வதில்லை. புடவையில் கை வைக்கும் முன் திரௌபதி அம்மனுக்குக் கற்பூரம் காட்டியாகிவிட்டது. பிடித்துக்கொள்ள ஆள் தயாராக நிற்கிறது. மிருதங்கக்காரர் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. செய்யாறு பக்கம் புரிசை மாதிரியான ஊர்களில் பரம்பரையாக ஆடுகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் கூத்தில் சாய்கிறவரை ஊரே தாங்குகிறது, அம்மன் பெயரும் துணைக்கு இருக்கிறது. அந்த கஃபேயில் ஒற்றை ஆள்தான், அவரும் சில நேரம் பிந்திவிடுகிறார். மகளை அது தொட்டது அதற்காக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அப்புறம், செல்போனில் வேண்டாம், டிவியில் போடுங்கள். நாற்காலிக்காரர் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருப்பார்.