2¼ கப்பில் ⅔ கப் போக எவ்வளவு?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “முறுக்குக்கு 2¼ கப் அரிசி மாவு வேண்டும். டப்பாவில் ⅔ கப்தான் இருந்தது. புதுப் பொட்டலத்திலிருந்து இன்னும் எவ்வளவு எடுப்பது? தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் 1 7/12 கப் என்கிறாள். அப்படியோர் அளவுக் கப் என்னிடம் இல்லையே. ஒன்றரை கப் போதாதா?”

மகளின் விடை மிகச் சரி. கால் பங்கும் மூன்றில் ஒரு பங்கும் வெவ்வேறு அளவுள்ளவை என்பதால், கழிப்பதற்கு முன் இரண்டையும் ஒரே அளவுள்ள சிறு பங்குகளாக மாற்றியாக வேண்டும். 4, 3 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 12 ஆதலால், ¼ என்பது 3/12 ஆகிறது, ⅔ என்பது 8/12 ஆகிறது. (நம் பழைய கணக்கு வாய்பாட்டு நூலான எண்சுவடியில் அரை, கால், மா (1/20), காணி (1/80) அனைத்தும் 320-இல் ஒரு பங்கான முந்திரியின் மடங்குகளாகவே இருப்பதால், அவற்றுள் எதிலிருந்தும் எதையும் கழிக்க முடிந்தது.)

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அடுத்த படியில்தான். 3-இலிருந்து 8 போகாது என்றதும், 8-இலிருந்து 3-ஐக் கழித்து 2 5/12 என்று எழுதிவிடுவார்கள். எடுக்க வேண்டிய மாவு, தேவையான மொத்த மாவையே மிஞ்சிவிடுவதைக் கவனித்தால் பிழை உடனே பிடிபடும். முழுக் கப் இரண்டில் ஒன்றை 12/12 ஆகப் பிரித்து, கையிலுள்ள 3/12-உடன் சேர்த்தால் 1 15/12. அதில் 8/12 போக 1 7/12.

இனி அளவுக் கப். கழிப்பதற்குப் பதிலாக, இருக்கும் ⅔ கப்பிலிருந்து மேலே எண்ணிச் செல்லுங்கள். அது ஒரு கப்பாக நிறைய ⅓ வேண்டும்; ஒன்று இரண்டாக இன்னொரு முழுக் கப் வேண்டும்; அதற்கு மேல் ¼. ஆக, ஒரு முழுக் கப், ஒரு ⅓ கப், ஒரு ¼ கப் அளந்து போட்டால் 1 7/12 துல்லியமாக வந்துவிடும், ஏனெனில் ⅓-உம் ¼-உம் சேர்ந்ததே 7/12. சமையலறைக்கு இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன். மகளுக்கும் விடையைச் சரிபார்க்க இது உதவும்.

ஒன்றரை கப் எடுத்தால் 1/12 கப் குறையும். 240 மி.லி. கப்பில் அது 20 மி.லி., அதாவது நான்கு தேக்கரண்டி. முறுக்கு மாவில் தண்ணீரைச் சற்றுக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றாலும், கேக் போன்றவற்றில் அவ்வளவு விட்டுவிடுவது சரியன்று.

எல்லா விடையும் இப்படிக் கப்புகளில் அடங்கிவிடாது. ⅔-இல் ¼ போக வரும் 5/12-ஐ, ⅓, ¼ கப்புகளை மட்டும் நிரப்பிக் கூட்டி அளக்க முடியாது. அதை மில்லிலிட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். 240 மி.லி. கப்பானால் சரியாக 100 மி.லி., 250 மி.லி. கப்பானால் ஏறத்தாழ 104.