ஊசியைக் கீழே வையுங்க!

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், திருவல்லிக்கேணியில் அப்பா காலத்திலிருந்து அத்தர், சென்ட் கடை நடத்திவருபவர்.

கேள்வி: என் கணவர் சவுதியிலிருந்து கொண்டுவந்த ஊது (அகில் கட்டை வாசம்) சென்ட், 100 மில்லி பாட்டில். பீரோவில் பூட்டி வைத்து விசேஷத்துக்கு மட்டும் அடிப்பேன். இந்தப் பெருநாளுக்கு எடுத்தால் பட்டன் அமுங்கவே மாட்டேன் என்கிறது. உள்ளே பாதிக்கு மேல் இருக்கிறது. ஊசியைச் சூடுபண்ணித் துளையில் குத்தினால் சரியாகிவிடும் என்கிறார் நாத்தனார். குத்தட்டுமா?
வாசகி, கீழக்கரை

ஊசியைக் கீழே வையுங்க, தங்கச்சி. சூடான ஊசி என்றால் அறையை விட்டே வெளியே வையுங்க. சென்ட்டில் பெரும்பங்கு ஆல்கஹால். நம் ஊர் அறை வெப்பத்திலேயே அதிலிருந்து எழும் ஆவி தீப்பிடிக்கும். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் எரியாத இடத்தில்தான் இந்த வேலையையே தொடங்கணும்.

சூடு காட்டாத ஊசியும் ஆகாது. அந்தத் துளையின் அகலம் சுமார் 0.3 மில்லிமீட்டர். வீட்டில் இருக்கும் தையல் ஊசி அதைப்போல இரண்டு மடங்கு தடிமன். நுனியை விட்டு ஒரு திருகு திருகினால் துளை அகன்றுவிடும். பூத்தூறலாக விழ வேண்டியது ஒரே கோடாகப் பீய்ச்சும், பட்டுப்புடவையில் கறை விழும். இன்னொரு சங்கதி, துளைக்கு நேர் பின்னால் கடுகளவு வட்ட அறை ஒன்று உண்டு. அதற்குள் சாய்வாக வெட்டிய மெல்லிய வாய்க்கால்கள். சென்ட் அதில் சுழன்றுகொண்டே வெளியேறுவதால்தான் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. ஊசி அழுக்கை வெளியே எடுக்காது, அந்த வாய்க்காலுக்குள் தள்ளி இறுக்கிவிடும். 'எதுவும் பண்ணலை பாய், அதுவா நின்னுபோச்சு' என்று கடைக்கு வரும் பாட்டில்களின் வாயைப் பார்த்தாலே ஊசி வேலை நடந்திருப்பது தெரிந்துவிடும்.

எது அடைத்தது என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு தடவை அடித்த பிறகும் துளையில் ஒரு பொட்டுச் சென்ட் தங்கும். ஆல்கஹால் பறந்துவிடும், எண்ணெயும் பிசினும் அங்கேயே உட்கார்ந்து இறுகும். தினமும் அடித்தால் அடுத்த சென்ட்டிலிருக்கும் ஆல்கஹாலே அதைக் கரைத்துக் கழுவிவிடும். உங்களுடையது மாதிரி விசேஷத்துக்கு விசேஷம் எடுக்கும் பாட்டிலில்தான் இறுகிப்போகும். அதுவும் ஊது, சாம்பிராணி, வெனிலா சேர்ந்த கனமான சென்ட் என்றால் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை வாசம் அடிக்கும் லேசான கொலோனில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது, எங்கே அடைத்தது? பட்டனை ஒரு துணியால் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே நேராக மேலே இழுங்க. பெரும்பாலான பாட்டில்களில் கையோடு வந்துவிடும். வராவிட்டால் கட்டாயப்படுத்தாதீங்க, சில பாட்டில்களில் அலங்கார வளையத்தோடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள், இழுத்தால் தண்டு ஒடியும். வந்துவிட்டால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தண்டு தெரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மரக்கரண்டிக் காம்பால் அந்தத் தண்டை அமுக்கிப் பாருங்க. சென்ட் குமிழ்த்து வந்தால் பம்ப்பு நன்றாக இருக்கிறது, பட்டனில்தான் அடைப்பு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இதுதான். வெளியேறும் வழி மூடிவிட்டால் உள்ளே இருக்கும் திரவத்துக்குப் போக இடமில்லை. அதனால்தான் பட்டன் கல்லாக நிற்கிறது.

தண்டே அமுங்கவில்லை, அல்லது அமுங்கினது மேலே வரவில்லை என்றால் பம்ப்புக்குள் பிசின் ஏறியிருக்கிறது. தண்டு லேசாக மேலும் கீழும் போகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை என்றால் அடைப்பே இல்லை, காற்று புகுந்திருக்கிறது. பாட்டிலை நேராக நிறுத்தி விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் சென்ட் ஏறிவிடும்.

இனி வைத்தியம். பட்டனை மட்டும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி மூடி வையுங்க. மொபைல் ரிப்பேர் கடையில் 'ஐபிஏ' என்று கேட்டால் தெரியும். அரை மணி நேரத்தில் அடைப்பு இளகிவிடலாம். ஊதுப் பிசின் என்றால் இரவு முழுக்க ஊறட்டும். எடுத்து, தண்டு நுழையும் பக்கத்தைத் துணியில் தட்டி, ஊசி மாட்டாத மருந்துச் சிரிஞ்சில் கொஞ்சம் ஐபிஏ எடுத்து அந்தப் பக்கத்திலிருந்து அழுத்தித் தள்ளுங்க. துளை வழியாகச் சீறி வெளியே வந்தால் வழி திறந்துவிட்டது. காயவைத்து மாட்டி, முதல் சில அடிகளைத் துணியில் அடித்துவிடுங்க. பம்ப்பே இறுகியிருந்தால் தண்டின் வாயில் சில சொட்டு ஐபிஏ விட்டு, காத்திருந்து, மெல்ல அமுக்கி அமுக்கி விடுங்க.

வெந்நீரில் போட்டால் போதாதா என்று கேட்பீங்க. வெந்நீர் பிசினை இளக்கும், கரைக்காது. ஆறினதும் பழைய இடத்திலேயே இறுகும். பாட்டிலோடு வெந்நீரில் இறக்குகிறவர்களும் உண்டு. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் சாமான், மூடிய பாட்டிலில் அதைச் சூடாக்குவது வேண்டாத வேலை. கொரோனா காலத்துச் சானிடைசர் மிச்சமிருக்கிறது என்று அதையும் ஊற்றாதீங்க. அதில் கிளிசரின் இருக்கும், ஜெல்லாக இருந்தால் கெட்டியாக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். ஒரு அடைப்பை எடுத்து இன்னொன்றை வைத்த கதையாகும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் சில பிளாஸ்டிக்கையும் பட்டனின் தங்கப்பூச்சையும் தின்றுவிடும்.

இனிமேல் அடிக்கும்போது பட்டனை அரைகுறையாகத் தொடாமல் ஒரே மூச்சில் முழுக்க அமுக்குங்க. பாதி அமுக்கினால் துளையில் இன்னும் அதிகமாகச் சொட்டு தேங்கும். அடித்ததும் விரலால் ஒரு துடை, அப்புறம் மூடி.

கேள்வி: டியோடரண்ட் கேனைக் குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்கிறது, ஆனால் வரவில்லை. அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு வேறு பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாமா?
கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

தம்பி, கூடாது. கேனுக்குள் சென்ட்டை வெளியே தள்ளுவது பியூட்டேன், புரொப்பேன் வகை வாயு. உங்கள் வீட்டு அடுப்பு சிலிண்டரில் இருக்கிற அதே இனம். ஆணி அடித்தால் எப்படி வெடிக்கும், தீப்பொறி எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 50 டிகிரிக்கு மேல் சூடேற விடாதே என்று கேனிலேயே அச்சடித்திருக்கும். வெயிலில் நிறுத்திய பைக் பெட்டியில் வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்க.

மேல் பட்டனை மட்டும் கழற்றலாம். வியர்வையை நிறுத்தும் வகை என்றால் அடைத்திருப்பது பெரும்பாலும் அலுமினிய உப்பு. அது தண்ணீரில் கரையும், ஆகவே இங்கே வெந்நீர்தான் மருந்து. வெறும் வாசனை வகை என்றால் மேலே தங்கச்சிக்குச் சொன்ன ஐபிஏ. சுத்தம் செய்து மாட்டியும் வரவில்லையென்றால் உள்ளே வாயு தீர்ந்திருக்கும். திரவம் மிச்சமிருந்தாலும் அதை வீட்டில் மீட்க வழியில்லை. தூக்கிப் போடுங்க.

கேள்வி: அத்தரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, கெட்டியாக இருக்கிறதே என்று பன்னீர் கலந்தேன். பால் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக வந்து இப்போது அதுவும் இல்லை.
வாசகர், மதுரை

அத்தர் எண்ணெய்; பன்னீர் தண்ணீர். குலுக்கினால் கலந்த மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். அந்தப் பால் நிறம் முழுக்கத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். பம்ப்பு இதைப் பொடிக்க முடியாமல் திணறும்.

பழைய முறை அத்தர், உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இன்றைக்கும் செய்வது, பூவைச் செம்புப் பானையில் வேகவைத்து ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது. இப்போது சந்தன எண்ணெய் விற்கிற விலைக்குக் கடையில் கிடைப்பதெல்லாம் அப்படி இருக்காது. பலவற்றில் லிக்விட் பாரஃபின் என்ற பெட்ரோலிய எண்ணெய்தான் அடிமானம். உங்களுடையது எது என்று பார்க்க வழி இருக்கிறது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஐபிஏ வேண்டாம், சென்ட் தயாரிக்கிற ஆல்கஹால் கொஞ்சம் ஊற்றி, அதில் ஒரு சொட்டு அத்தர் விடுங்க. தெளிவாகக் கரைந்தால் நல்லது: ஆல்கஹாலில் கலந்து ஸ்ப்ரேயில் அடிக்கலாம். கலங்கினாலோ, அடியில் தனியாகவோ மேலே படலமாகவோ நின்றாலோ பாரஃபின் சேர்ந்திருக்கலாம்; அது ஆல்கஹாலோடு சேராது, எத்தனை பாட்டில் மாற்றினாலும் ஸ்ப்ரேக்கு லாயக்கில்லை.

ஒருவர் கடையில் வந்து பிராந்தி ஊற்றலாமா என்று மெதுவாகக் கேட்டார். அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். பன்னீருக்கு நேர்ந்த கதிதான். வாசனையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

அத்தருக்கு ரோல்-ஆன் குப்பியோ கண்ணாடிக் குச்சியோ போதும். பெரியவர்கள் ஒரு துளிப் பஞ்சில் நனைத்துக் காது மடிப்பில் செருகிக்கொள்வார்கள். அதற்கு அடைப்பே கிடையாது.

கேள்வி: பம்ப்பு முழுக்கப் போய்விட்டது. விலை உயர்ந்த சென்ட். மூடியைத் திருகினால் திறக்கவில்லை. மிச்சத்தை எப்படி எடுப்பது? நிறமும் கறுத்திருக்கிறது, போடலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் பாட்டிலில் திருகாணி இல்லைம்மா. பம்ப்பைக் கழுத்தில் வைத்து, அலுமினிய வளையத்தைச் சுற்றிலும் நசுக்கி மூடியிருக்கிறார்கள். கழுத்தின் அளவு பெரும்பாலும் 15 மில்லிமீட்டர்.

தண்டு இன்னும் வேலை செய்தால் பிழைத்தீங்க. அடியில் வால்வு வைத்த பயண ஸ்ப்ரே, 5 மில்லி, 10 மில்லி அளவில் விற்கிறது. பட்டனைக் கழற்றிவிட்டு, அதன் அடித்துளையைத் தண்டின்மேல் பொருத்தி மேலும் கீழும் அமுக்கினால் சென்ட் நேராக ஏறிவிடும். வெளிக்காற்று அதிகம் படாது.

தண்டும் செத்திருந்தால் வளையத்தைப் பிரிக்கணும். பாட்டிலைக் கனமான துண்டில் சுற்றி, கண்ணாடி அணிந்து, நோஸ் பிளையரால் அலுமினியத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவது. நெம்பினால் கண்ணாடிக் கழுத்து சில்லாகும், சில்லு உள்ளே விழுந்தால் அந்தச் சென்ட் தோலில் படக்கூடாது. பழக்கமில்லாதவர்கள் சென்ட் ரீஃபில் செய்யும் கடைக்குக் கொண்டுபோங்க. சில கடைகளில் புதுப் பம்ப்பு வைத்து நசுக்கும் கைக்கருவியும் இருக்கும். கூலி அதிகம் கேட்டால் புதுப் பாட்டிலுக்கு மாற்றித் தரச் சொல்லிடுங்க.

நிறம் கறுத்ததற்குப் பயப்பட வேண்டாம். வெனிலா வாசம் தரும் வெனிலின் சேர்ந்த சென்ட் நாளாக நாளாகப் பழுப்பாகும். மல்லிகை வாசச் சென்ட்டும் அப்படித்தான். மூக்குதான் நீதிபதி: ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, ஆல்கஹால் பறந்ததும் முகர்ந்து பாருங்க. புளிப்போ வார்னிஷ் நெடியோ அடித்தால் கெட்டது. நன்றாக இருந்தால் போடலாம், வெள்ளைச் சட்டை, வேட்டிமேல் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கொள்ளுப்பாட்டி காலத்து வெளிநாட்டுச் சென்ட் பாட்டில், ரப்பர் பந்தை அமுக்கினால் தெளிக்கும் வகை. பந்து கல்லாகிவிட்டது.
வாசகர், காரைக்குடி

பந்து கல்லாவது ரப்பரின் வயசு, அதற்கு மருந்து கிடையாது. புதுப் பந்துதான் மாற்றணும். மிச்சமெல்லாம் பிழைக்கும், ஏனென்றால் இதில் ஸ்பிரிங், பிஸ்டன் எதுவுமில்லை. பந்திலிருந்து வரும் காற்று குழாயின் வாயைக் கடந்து வேகமாக ஓடும்போது சென்ட்டைத் தானே மேலே இழுத்துச் சிதறடிக்கும். இந்த வகையில் பேர்பெற்ற கருவி ஒன்று முதலில் சென்ட்டுக்கு வந்ததில்லை. 1880களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டாக்டர் டிவில்பிஸ் என்பவர் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் செய்தது. அவர் மகன் காலத்தில்தான் அலங்கார மேசைக்கு ஏறியது.

உலோகக் குழாயை ஐபிஏவில் ஊறவையுங்க. பாட்டிலில் கில்ட் பூச்சோ வண்ணமோ இருந்தால் அந்த இடத்தில் படவிடாதீங்க, வழித்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் சென்ட்டை இதில் ஊற்றி வைக்காதீங்க. மூடி இறுக்கமில்லாத பாட்டில், மாதக்கணக்கில் வைத்தால் ஆல்கஹால் போய் வெறும் எண்ணெய்தான் மிஞ்சும். விசேஷத்தன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்க.

கேள்வி: இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் அடிக்கடி அடைக்கிறது. நீங்கள் சொல்லும் ஐபிஏவில் போட்டும் பார்த்தேன், பயனில்லை.
வாசகர், சேலம்

போர்த் தண்ணீர் ஊற்றுகிறீங்க, இல்லையா? அடைத்திருப்பது சுண்ணாம்பு. அதை ஆல்கஹால் தொடாது. வெள்ளை வினிகரில் தலைப்பகுதியை ஒரு மணி நேரம் ஊறவையுங்க, இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. பிறகு நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை அடித்துக் கழுவிவிட்டு, இனி கேன் தண்ணீர் ஊற்றுங்க. அதே வினிகரைச் சென்ட் பட்டனுக்கும் ஊற்றிப் பார்க்காதீங்க, பிசினை அது அசைக்காது, வாடைதான் மிஞ்சும்.