ஆறு வருடம் கழித்து வந்த ஐம்பது ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திபெத்திய அகராதியை உருவாக்கிய ஹங்கேரியர் சோமா டி கோரோஸ், கீழைநாட்டு ஆய்வுச் சங்கமான கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி தந்த பணத்தை மறுத்தார் என்று படித்தேன். எனக்கு ஓர் அறக்கட்டளை ஆய்வு நிதி தருவதாகச் சொல்கிறது. யாரிடமும் கைநீட்டாமல் இருப்பதுதானே அறிஞனின் நிமிர்வு? மறுத்துவிடலாமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

சில நாட்களாக அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரத்தில் எழுதினீர்கள்.

நிமிர்வு, கைநீட்டல் எல்லாம் சினிமா வசனம், விடுங்கள். அரைகுறையாகப் படித்துவிட்டு மனிதரைச் சாமியாராக்காதீர்கள். 1827 முதல் இமயமலைப் பகுதியான கின்னௌரின் கானம் மடாலயத்தில் வேலை செய்தபோது கம்பெனி அரசு கொடுத்த மாதம் 50 ரூபாயை வாங்கிக்கொண்டவர்தான் சோமா. அதில் 25 அவருக்குச் சொல்லிக்கொடுத்த லாமாவுக்கு. வேலையாளுக்கு 4, வாடகை 1. குருவுக்குச் சரிபாதி, கவனியுங்கள்.

அவர் மறுத்தது 1829இல் சொசைட்டி கொடுக்க வந்த ஐம்பதை. 1823இல் காஷ்மீரில் இருந்தபோது, சில புத்தகங்கள் வேண்டுமென்று ஆங்கிலேயப் பயணி மூர்கிராஃப்ட் அவருக்காகச் சொசைட்டியின் செயலாளர் வில்சனுக்கு எழுதினார். ஒன்றும் வரவில்லை. அதன்பின்தான் லடாக் பக்கத்து ஜான்ஸ்காரில் ஒன்பதடிச் சதுர அறையில் லாமா, வேலையாள், இவர் என மூன்று பேராகப் பனிக்காலத்தைக் கழித்தார். நெருப்பு கிடையாது. ஆட்டுத்தோலுக்குள் கையை மடக்கி உட்கார்ந்து காலையிலிருந்து இருட்டும்வரை படிப்பு. ஏட்டைப் புரட்டக் கையை வெளியே எடுப்பதே பெரும்பாடு. கானத்துக்குப் போய் அவரைப் பார்த்த டாக்டர் ஜெரார்ட் இதையெல்லாம் எழுதிவைத்தார். பணம் தருகிறோம் என்று கல்கத்தா சொன்னபோது, ஆறு வருடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை, இனி எனக்குப் புத்தகமே வேண்டாம் என்று சோமா எழுதிவிட்டார்.

அது ரோஷம்தான். ஆனால் நியாயமான ரோஷம். புரவலர் செய்யவேண்டிய முதல் காரியம் கடிதத்துக்குப் பதில் போடுவது. பணமெல்லாம் அப்புறம். எங்கள் ஊர்ப் புலவர் ஐயா ஒருவர், ஒரு சுவடியின் நகல் கேட்டு ஒரு நிறுவனத்துக்குக் கார்டு மேல் கார்டு போட்டார். பதிலே இல்லை. எண்பது வயதில் வீடு தேடி வந்து பொன்னாடை போர்த்தினார்கள். “நகல் கொண்டுவந்தீங்களா?” என்றார். நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சொசைட்டியைத் திட்டிக்கொண்டே இருக்கவும் முடியாது. 1834இல் கல்கத்தாவில் அவருடைய அகராதியும் இலக்கணமும் அச்சாகின. பிறகு அதே சொசைட்டிக்கு அவரே நூலகர். நான்கு புத்தகப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தார். 1842இல் லாசாவுக்குப் புறப்பட்டவர் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்தார். கல்லறை கட்டியதும் சொசைட்டிதான்.

உங்கள் நிதியா? தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிட வேண்டாமா? ஆனால் கையெழுத்துப் போடும்முன் ஏதாவது ஒரு புத்தகம் கேட்டு அவர்களுக்கு எழுதுங்கள். எத்தனை நாளில் பதில் வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்