லொறி பழகும்போது பயிற்றுநர் என்னவெல்லாம் செய்விப்பார்?

கார் ஓடத் தெரியும், கொழும்பில் லொறி பழகப் போகிறேன், முதலில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் நாளே ஆமர் வீதி மாதிரி நெரிசலான ரோட்டுக்குள் விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். டயர், ஒயில், தண்ணீர், லைட் பார்க்கச் சொல்வார்கள். எயார் பிரேக் வண்டி என்றால், ஸ்டார்ட் பண்ணியதும் பஸர் கத்தும். காற்று அழுத்தம் ஏறி அது நிற்கும்வரை வண்டியை நகர்த்த விடமாட்டார். பிரேக்கை மெதுவாக மிதித்துப் பழகவும் நேரம் எடுக்கும். கார் மாதிரி மிதித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணாடியில் போய் முட்டுவார், ஏச்சும் விழும்!

உண்மையான பாடம் இடப்பக்கம் திரும்புவதில்தான். பின் சில்லு முன் சில்லின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதனால் கொஞ்சம் நேரே முன்னால் போய்விட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்வார். அந்த நேரம் இடக் கண்ணாடியை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. புறக்கோட்டைப் பக்கம் அந்த இடுக்குக்குள் ஒரு த்ரீவீலோ மோட்டார் சைக்கிளோ நுழையாமல் இருக்காது.

ரிவர்ஸ் சலிக்கச் சலிக்கத் தருவார்கள். பொறுமையாகச் செய்யுங்கள். பின்னால் தெரியவில்லை என்றால் நிறுத்தி இறங்கிப் பாருங்கள், அதில் வெட்கம் இல்லை.

கண்டிப் பக்கம் கூட்டிப்போனால், கடுகண்ணாவை இறக்கத்தில் சின்ன கியரும் எக்ஸோஸ்ட் பிரேக்கும்தான் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது). காலாலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

அப்புறம், பயிற்றுநர் சிங்களத்தில் பேசுபவராக இருக்கலாம். வமட்ட (இடப்பக்கம்), தக்குணட்ட (வலப்பக்கம்), நவத்தன்ன (நிறுத்துங்கள்), இந்த மூன்றையும் முன்கூட்டியே பாடமாக்கி வையுங்கள்.